நகுலனுக்கு முன்னால் நான் சொன்னது

நகுலனின் பிரியாவிடை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் போனில் கேட்டார். "அண்ணை, நீங்கள்தானே அவரோடை கனகாலம் வேலை செய்தனீங்கள். உங்களை விட்டா ஆர் எழுதுறது?" என்றார். நான் ஓய்வு பெற்றபோது மலர் ஒன்றும் இல்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு கேக், ஒரு பொன்னாடை, நாலு போட்டோ. அந்தப் பொன்னாடையும் வேறு யாருக்கோ போர்த்தியதை மடித்து வைத்திருந்ததுதான். நகுலனுக்கு மட்டும் மலர். சரி, எழுதுகிறேன் என்றேன். ஆனால் என் வேலையைப் பற்றித்தான் எழுதுவேன், அதற்குள் அவன் வந்தால் வரட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அவன் வராமல் இருக்கமாட்டான். நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய் நிற்பவன் அவன்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பலெர்மோவில் வீடுகளுக்குக் குழாய் வழியாகக் காஸ் வருகிறது. குழாய்களை ஒரு கம்பனி நடத்துகிறது. நகரசபை, இங்கே கொமூனே என்பார்கள், அந்தக் கம்பனிக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கும். தெருவை வெட்டினால் ஒழுங்காக மூடினார்களா? வீட்டுக்குள் கல்தாயா, அதாவது குளிருக்கும் சுடுநீருக்கும் காஸில் எரிகிற கொதிகலன், ஆபத்தில்லாமல் எரிகிறதா? ஆபத்தென்றால் காஸை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் கொமூனேக்கு உண்டு. அந்தச் சோதனைகளுக்குப் போகிற குழுவில் நான் இருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் எல்லாரையும்போல நானும் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைத்தேன், அவருடைய நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். இங்கே தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கையில் கிடைத்ததும் தெரு வெட்டப் போனேன். பிறகு இத்தாலியன் படித்து, காஸ் வேலைக்கான பரீட்சையும் எழுதி, சோதனைக் குழுவுக்குள் நுழைந்தேன். எங்கள் ஆட்களில் அதற்குள் போன முதல் ஆள் நான்தான். இதை வேறு யாரும் எழுதமாட்டார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் மேலதிகாரி ஒரு பெண். நிலமும் கட்டடமும் படித்தவர்களுக்கு இங்கே ஜெயோமெத்ரா என்று பட்டம். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் அவர் ஜெயோமெத்ராதான். கட்டையான, அகன்ற தோள் கொண்ட மனுசி. மூக்குக்கண்ணாடி ஒரு சங்கிலியில் கழுத்தில் தொங்கும். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் படிக்கட்டில் நின்று மூச்சை இழுத்து மணந்து பார்ப்பார். வாசல் மணியை அமத்தவே மாட்டார். உள்ளே காஸ் நிறைந்திருந்தால் மணியில் கிளம்பும் சின்னப் பொறியே போதும், கட்டடமே போய்விடும் என்பார். விரல் மொளியால் கதவைத் தட்டுவார். உள்ளே போனதும் யன்னலைத் திறப்பார். பிறகு தண்ணீர் நிறைத்த ஒரு கண்ணாடிக் குழாயைக் காஸ் குழாயில் பொருத்தி, எல்லாத் திருகுகளையும் பூட்டிவிட்டு, தண்ணீர் மட்டம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது யாரும் கதைக்கக்கூடாது. மட்டம் இறங்கினால் எங்கேயோ கசிவு. உடனே பையிலிருந்து ஒரு பழைய சவரத் தூரிகையை எடுப்பார். அது அவருடைய தகப்பனுடையது. அதில் சவர்க்கார நுரையைத் தோய்த்து மூட்டு மூட்டாகப் பூசுவார். குமிழி எழும்புகிற இடத்தில் நின்று, "இதோ, கதைக்கிறார்" என்பார். கடைசியாகச் சமையலறைச் சுவரிலுள்ள காற்றுத்துளைக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பார். கல்தாயா எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும். காற்று வராவிட்டால் அது நச்சுப்புகையைக் கக்கும், அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பலெர்மோக்காரர் வாசலைத் தாண்டமுன்னமே கோப்பி கேட்பார்கள். ஜெயோமெத்ரா "பிறகு" என்று மட்டும் சொல்லுவார். சோதனை முடிந்து எல்லாம் சரியென்றால் அவர்களுடைய அடுப்பிலேயே கோப்பி போடச் சொல்லி, நின்றபடியே குடிப்பார். குடிக்காமல் கண்ணாடியைக் கழற்றினாரென்றால் அந்த அடுப்பு இன்றைக்கு எரியாது. வீட்டுக்காரருக்கு வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எங்கடை ஆட்களின் வீடுகளில்தான் இந்த வழக்கம் குழம்பிப் போகும். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் முதலே தேத்தண்ணி போட்டுப் பிளாஸ்கில் ஊற்றி வைத்திருப்பார்கள். "குடியுங்கோ சிஞ்ஞோரா, ஆறப்போகுது" என்று கையில் திணிப்பார்கள். அவர் வாங்கி யன்னல் கட்டில் வைத்துவிடுவார். அதில் பாலாடை படியும்.

இப்படிப்பட்ட மனுசியிடம் நல்ல பெயர் எடுப்பது லேசில்லை. நான் எடுத்தேன். மெல்ல மெல்ல, வருடக்கணக்காகப் பாடுபட்டு எடுத்தேன். அப்போதுதான் நகுலன் வந்தான்.

போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவன். தனி ஆள். என்னை விடக் கொஞ்சம் இளையவன். தங்க இடம் காட்டியது நான். க்வெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் அவனுக்காக வரிசையில் நின்றது நான். தெரு வெட்டுகிற வேலையில் கொழுவி விட்டதும் நான். அந்த வேலை நடந்த தெருவுக்கு ஒரு நாள் ஜெயோமெத்ரா சோதனைக்குப் போனார், நானும் கூடப் போனேன். காஸ் குழாய்க்கு மேல் மண் போடும்போது ஒரு மஞ்சள் நாடாவைப் புதைக்க வேண்டும். பிறகு யாராவது தோண்டினால் நாடாவைக் கண்டு கையை நிறுத்துவார்கள். நாடா போட்டாயிற்று என்று கம்பனியின் கப்போ, அதாவது மேசன்மாருக்கு மேலே நிற்கிற ஆள், சத்தியம் பண்ணினான். போடவில்லை என்பது அங்கே நின்ற கூலியாட்கள் எல்லாருக்கும் தெரியும், அவர்களின் முகத்தைப் பார்த்து எனக்கும் விளங்கிவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நகுலனுக்கு அப்போது இத்தாலியனில் நாலு சொல்லும் வராது. அவன் குழிக்குள் குதித்தான். இரண்டு கையாலும் மண்ணை வாரி வெளியில் எறிந்து, வெறும் குழாயைக் காட்டினான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். கப்போவையும் பகைக்காமல், ஜெயோமெத்ராவுக்கும் விளங்கும்படி ஒரு நல்ல இத்தாலியன் வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வசனம் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

கப்போ அன்றைக்கே நகுலனை வேலையால் நிற்பாட்டினான். ஜெயோமெத்ரா தெரு முழுவதையும் திருப்பி வெட்டச் சொல்லிக் கம்பனிக்கு உத்தரவிட்டார். நகுலனை எங்கள் குழுவுக்கு எடுத்தார். என்னை அவர் எத்தனையோ வருடமாக "சிவா" என்றுதான் கூப்பிட்டார். அவனை வந்த கொஞ்ச நாளிலேயே "நகுலினோ" என்றார். சின்னப்பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி ஒரு பெயர். வீட்டில் மனைவி பவளத்திடம் சொன்னேன். "ஏனப்பா, உங்களையும் சிவினோ எண்டு கூப்பிடோணுமோ?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இன்றைக்கும் எரிகிறது.

பிறகு குறடு. ஒரு வீட்டின் காஸை மூடும்போது மீற்றருக்குப் பக்கத்து வால்வைத் திருப்பி, அதில் கம்பியைக் கோர்த்து, கம்பியின் முடிச்சில் ஈயத் துண்டை வைத்துக் குறட்டால் நெரிக்க வேண்டும். ஈயத்தில் முத்திரை பதியும். அதற்குப் பிறகு அதைத் தொட்டால் குற்றம். அந்தக் குறடு எப்போதும் ஜெயோமெத்ராவின் பையில்தான் இருக்கும். ஒருநாள் படி ஏறும்போது முழங்கால் நோகிறது என்று சொல்லி, பையிலிருந்து எடுத்து நகுலனிடம் நீட்டினார். நான் ஒரு படி முன்னால்தான் நின்றேன். கையையும் நீட்டியிருந்தேன்.

இனி ராணியக்கா வீட்டுக் கதை. இதற்காகத்தான் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ராணியக்கா கால்சா என்கிற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில், முற்றத்தைப் பார்த்த கீழ்வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். எங்கடை ஆட்களின் கொண்டாட்டங்களுக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பார். என் மகள் தர்சினியின் சாமத்தியவீட்டுக்கும், அதாவது பூப்பு விழாவுக்கும், அவர்தான் சமையல். மண்டபம் எடுத்து, அழைப்பும் கொடுத்து முடிந்தது. மறுநாள் விழா. ஆட்டிறைச்சிக் கறிக்குக் கடைத்தூள் சரிவராது, அன்றைக்கு வறுத்த தூள்தான் வேண்டும் என்று பவளம் ஒற்றைக்காலில் நின்றதால், ராணியக்கா அன்று காலையில் செத்தல் மிளகாய் வறுத்தார். மேல்மாடிச் சிஞ்ஞோராவுக்குத் தொண்டை அடைத்து, கண்ணால் தண்ணீர் ஓடி, காஸ் வெடிக்கப்போகிறது என்று கொமூனேக்குப் போன் அடித்தார். முகவரியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மிளகாயை மணந்துவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஜெயோமெத்ரா மொளியால் தட்டினார். ராணியக்கா கதவைத் திறந்து எங்களைக் கண்டதும், "சிவா அண்ணை, உங்கடை கறிக்குத்தான் வறுக்கிறன்" என்றார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அசையவில்லை. கசிவு இல்லை. இனிப் போகலாம் என்று நான் பையை எடுக்கும்போது, அறைக்குள் ராணியக்காவின் சின்ன மகன் போர்த்துக்கொண்டு படுத்திருப்பதை ஜெயோமெத்ரா கண்டார். என்ன பிள்ளைக்கு என்று கேட்டார்.

"தலையிடி எண்டு சத்தி எடுக்கிறான். மிளகாய்ப்புகை ஒத்துக்கொள்ளேல்லை" என்றார் ராணியக்கா.

"மிளகாய் வறுக்காத நாளிலும் தலை இடிக்கிறதா?" என்று ஜெயோமெத்ரா கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ராணியக்கா யோசித்தார். "ஓம், குளிருக்குக் கல்தாயாவைப் போட்டா எல்லாருக்கும்தான் இடிக்கிறது" என்றார்.

ஜெயோமெத்ரா நச்சுப்புகை அளக்கிற கருவியை எடுத்துக் கல்தாயாவை எரியவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது கீச்சிட்டுக் கத்தத் தொடங்கியது. நகுலன் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். ஜெயோமெத்ரா சுவரைத் தடவினார். காற்றுத்துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முருகன் கலண்டர் தொங்கியது. அதைத் தூக்கினால், துளைக்குள் ஒரு பழைய நைலெக்ஸ் சேலை இறுக்கி அடைந்திருந்தது.

ராணியக்கா அழத் தொடங்கினார். "மேல்வீட்டு மனுசி மணக்குது மணக்குது எண்டு ஒவ்வொரு நாளும் கத்துறா. இனி ஒருக்கா முறைப்பாடு வந்தா வீட்டை விட்டு எழுப்பிப்போடுவன் எண்டு வீட்டுக்காரன் சொல்லிப்போட்டான். அதுதான் அடைச்சனான். கருவாடு பொரிக்கேக்கையும் மணம் வெளியிலை போகக்கூடாதெண்டு."

எங்கடை சனம் தவிர வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். மணம் வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குள் நஞ்சை நிரப்பி வைத்திருந்தார்கள்.

நான் சேலையை இழுத்து எடுத்தேன். யன்னலும் திறந்திருந்தது. கருவி அடங்கியது. துளையைத் திறந்தாயிற்று, இனி என்ன? ஜெயோமெத்ராவிடம் சொன்னேன்: "இவர்கள் இனி அடைக்கமாட்டார்கள். நான் உத்தரவாதம்." எனக்கு அடுத்த நாள் விழா, உண்மைதான். ஆனால் நான் நாளைக்கும் வந்து பார்த்திருப்பேன், அதற்கு மறுநாளும் வந்து பார்த்திருப்பேன். என் வார்த்தைக்கு ஒரு பெறுமதி இருந்தது.

ஜெயோமெத்ரா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வாசலில் வந்து நின்ற நகுலனிடம் திரும்பினார். "நகுலினோ, நாம் போன பிறகு அடைப்பார்களா?"

நகுலன் ராணியக்காவைப் பார்த்தான். "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த மனுசி பின்னேரம் திருப்பிக் கத்தினா என்ன செய்வியள்?"

ராணியக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "என்ன தம்பி செய்யிறது? வீடு இல்லாமல் எங்கை போறது?"

"அடைப்பார்கள், ஜெயோமெத்ரா" என்றான் நகுலன்.

ஜெயோமெத்ரா கண்ணாடியைக் கழற்றினார்.

அவன் வால்வைத் திருப்பி, கம்பி கோர்த்து, ஈயத்தை நெரித்தான். கை கொஞ்சமும் தயங்கவில்லை. "நீ நல்லா இருப்பியோடா? ஒரு குமர்ப்பிள்ளையின்ரை காரியத்தைக் கெடுத்துப்போட்டியே!" என்று ராணியக்கா தலையில் அடித்துக்கொண்டார். அடுப்பில் பாதி வறுபட்ட மிளகாய் கிடந்தது. நான் முற்றத்துக்கு வந்து அவனுடைய சேர்ட்டைப் பிடித்தேன். "விசரா, நாளைக்குச் சனத்துக்கு என்னத்தைப் போடுறது?" என்று கேட்டேன். "பிள்ளை படுத்துக் கிடந்ததைப் பாத்தனீங்கள்தானே அண்ணை" என்றான். அவ்வளவுதான். சேர்ட்டை விட்டேன்.

அன்று பின்னேரம் அவன் தனியே திரும்பிப் போய் மேல்மாடிச் சிஞ்ஞோராவின் கதவைத் தட்டியிருக்கிறான். என்ன கதைத்தான், அந்த ஓட்டை இத்தாலியனில் எப்படிக் கதைத்தான் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. சிஞ்ஞோரா கீழே இறங்கி வந்து, சுவர்த் துளையையும் பிள்ளையையும் பார்த்தாராம். பிறகு ராணியக்காவின் கிடாரங்கள் எல்லாம் சிஞ்ஞோராவின் சமையலறைக்கு ஏறின. என் மகளின் விழாக் கறி அந்த அடுப்பில்தான் கொதித்தது. மறுநாள் மண்டபத்தில் பரிமாறியவனும் நகுலன்தான். சனம் சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து, "நகுலன் எண்டபடியால் சமாளிச்சான்" என்றது. காசு கொடுத்தவன், காலில் விழுந்து அழைத்தவன், பிள்ளையைப் பெற்றவன் நான். அந்தப் போட்டோ அல்பத்தை எடுத்துப் பாருங்கள், தகப்பனை விட அவன்தான் கூடப் படங்களில் நிற்கிறான்.

இனி மணம் மேல்மாடிக்குப் போகாதபடி, வீட்டுக்காரனை அடுப்புக்கு மேலிருந்து கூரைவரை புகைபோக்கி வைக்கச் சொல்லி ஜெயோமெத்ரா கட்டாயப்படுத்தினார். முத்திரையை வெட்டித் திறக்கப் போன அன்று நான் லீவு, விழாவுக்கு வந்த சொந்தக்காரரை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் ஜெயோமெத்ரா முதன்முதலாக ஒரு தமிழ் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். இஞ்சி போட்ட தேத்தண்ணியாம். நல்லாயிருக்கிறது என்று இரண்டாம் தரமும் வாங்கினாராம். எல்லாம் நகுலன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜெயோமெத்ரா ஓய்வு பெற்ற நாளில் தகப்பனின் சவரத் தூரிகையை அவனிடம் கொடுத்தார். எனக்கு ஒரு பெட்டி நிறையப் பாதாம் இனிப்பில் செய்த பழங்கள். எனக்குச் சலரோகம், அதாவது சீனி வருத்தம், என்பது அவருக்குத் தெரியும். பவளத்துக்கு என்று நினைத்திருக்கலாம்.

இப்போது மீற்றருக்கு உள்ளேயே மின்சார வால்வு வந்துவிட்டது, கந்தோரில் இருந்தபடியே மூடலாம் என்கிறார்கள். அதனால்தான் இளம் பெடியள் எங்களிடம் பழைய கதை கேட்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், அதற்கு நகுலன் இந்த மாதம்வரை போய்க்கொண்டிருந்தான்.

போன மாதம் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். தர்சினி இப்போது கைக்குழந்தையோடு பொலிதேயாமாவுக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறாள். கல்தாயா எரியும்போது தலை பாரமாக இருக்கிறது என்று போன் எடுத்திருக்கிறாள். எனக்கு இல்லை, நகுலனுக்கு. பவளம் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பஸ் பிடித்து ஓடினேன்.

"அப்பா காஸ் வேலை செய்தவன் எண்டது மறந்துபோச்சோ பிள்ளை?"

"மறக்கேல்லை அப்பா."

"பிறகேன் அவனைக் கூப்பிட்டனீ?"

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனுசன். பிள்ளைக்குக் குளிருமெண்டு பல்கனியைக் கண்ணாடி போட்டு அடைச்சுத் தந்தவர். கல்தாயா அங்கைதான் இருக்குது. மூடினா அவருக்குக் கொமூனேயிலை கரைச்சல், எங்களையும் எழுப்பினாலும் எழுப்புவார். இதை நான் அழுதுகொண்டு உங்களுக்குச் சொன்னா, நீங்கள் ஒரு யன்னலைத் திறந்து வைச்சுப்போட்டு, ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறன் எண்டுவியள். எனக்காக. நகுலன் மாமா மூடுவார்."

நான் எழும்பிப் பல்கனிப் பக்கம் போனேன்.

கதவில் மொளியால் தட்டுகிற சத்தம் கேட்டது. நகுலன் வந்தான். கண்ணாடி போட்ட பல்கனியை நான் அவனுக்கு முன்னமே பார்த்துவிட்டேன். வெளியில் எரிய வேண்டிய கல்தாயா அறைக்குள் எரிந்துகொண்டிருந்தது, சுவாலை மஞ்சளாக இருந்தது. அவன் கருவியைப் பிடித்தான். கத்தியது. குறட்டை எடுத்துக்கொண்டு மீற்றருக்குப் பக்கத்துக் கைவால்வுக்குக் கிட்டப் போனான். அங்கே போய் நின்றுவிட்டான்.

அவனுக்கென்று பிள்ளையில்லை. தர்சினியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து எத்தனையோ நாள் கூட்டிவந்தவன். அவள் குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வால்வில் வைத்த கையைத் திருப்பாமல் எடுத்தான். அந்தக் கை தயங்கி நான் கண்டதில்லை. "அண்ணை, யன்னலைத் திறந்து வைச்சு..." என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மூடு" என்றேன்.

அவன் மூடினான். "இருங்கோ மாமா, தேத்தண்ணி..." என்று தொடங்கிய தர்சினி, அடுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். குழந்தையின் உடுப்புகளைப் பையில் போட்டு அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வீட்டுச் சொந்தக்காரரோடு இன்னும் இழுபறிதான். குழந்தை என் அறையில், என் கட்டிலில் குறுக்காகப் படுக்கிறது. நான் கதிரையில்.

வருகிறவர்களுக்கெல்லாம் தர்சினி சொல்லுகிறாள், நகுலன் மாமாதான் மூடினவர், பிள்ளையைக் காப்பாத்தினவர் என்று. நகுலனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கை அவனுடையதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "மூடு" என்று முதலில் சொன்னது நான். செயலாளர் தம்பி, இடம் போதாவிட்டால் இதில் எதை வேண்டுமென்றாலும் வெட்டுங்கள், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.